உண்ண மறுத்த குட்டியும் ஊட்ட விரைந்த கையும்

பசித்தவருக்கு உணவளிப்பது அறங்களுள் தலையாயது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், கொடுக்கும் உணவை ஏற்க மறுக்கும் உயிரின் முன்னே நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கின்றோம்? வற்புறுத்தி ஊட்டுவது அன்பா, வன்முறையா? ஊட்டாமல் விடுவது பொறுமையா, புறக்கணிப்பா? இவ்வினாவை நம் உள்ளத்தில் முதன்முதலாக எழுப்பியது குருமடத்தில் கற்ற நூல் எதுவுமன்று. ஒரு முழத்துக்கும் குறைவான நீளமே இருந்த பாம்புக் குட்டி ஒன்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வெண்ணாற்றங்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றி வந்தோம். பங்கு இல்லத்தை ஒட்டி ஒரு சிறிய மாணவர் விடுதியும் நமது பொறுப்பில் இருந்தது. மேட்டூரில் திறந்த நீர் வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்திருந்த ஆடி மாதம். களத்து மேட்டில் கிடந்த பழைய வைக்கோற்போரைப் பிரித்தபோது, அடியில் கிழிந்த முட்டைத் தோல்களும் அப்போதுதான் வெளிவந்திருந்த சில குட்டிகளும் தென்பட்டன. ஆட்கள் அடித்தவை போகத் தப்பிய ஒன்றை, விடுதிச் சிறுவன் ஒருவன் மண்கலயத்தில் போட்டுத் துணியால் வாய்கட்டி நம்மிடம் கொண்டுவந்தான். நாம் பதறினோம். உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, "சாரைக் குட்டிதான் சாமி, விஷம் கெடையாது" என்றார். அவருடைய கண்ணை அன்று நம்பினோம். இன்றாயின் நம்பமாட்டோம், நல்லபாம்பின் குட்டி முட்டையிலிருந்து வெளிவரும்போதே நஞ்சுடன் வருவது, அடையாளம் தவறினால் உயிர் போகும்.

அந்தச் சிறுவன் நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து அவ்வாண்டுதான் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்திருந்தான். வந்த நாள் முதலே சரியாக உண்பதில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். தட்டைக் காலி செய்யாமல் எவரும் எழுந்திருக்கக் கூடாது என்பது விடுதியில் நாம் வகுத்திருந்த விதி. ஆகவே ஒவ்வொரு வேளையும் பிரம்புடன் அவன் அருகில் நின்றோம். அவன் கண்ணீரோடு விழுங்குவான். சில நாட்களில் வெளியே சென்று வாந்தி எடுப்பான். அனைத்தும் அவனுடைய நன்மைக்கே என்று உறுதியாக நம்பினோம்.

குட்டிக்கும் உணவு தேடினோம். சோற்றுப் பருக்கை, அவித்த முட்டை, மண்புழு, கொட்டாங்கச்சியில் பால் என எதை வைத்தாலும் அது தொடவில்லை. சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். சிறுவர்கள் மணிக்கொருமுறை துணியை விலக்கிப் பார்ப்பார்கள். நான்காம் நாள் அச்சிறுவன், "சாமி, அதுக்கும் ஊரு நெனப்பு வந்துருச்சோ?" என்று கேட்டான். நாம் சிரித்தோம். ஆறாம் நாள், இனியும் பொறுத்தால் இறந்துவிடும் என்று அஞ்சி, அதன் கழுத்தைப் பிடித்து, தீக்குச்சியால் வாயைத் திறந்து, பேனாவுக்கு மை ஊற்றும் குழாயால் பாலை விட்டோம். பாதி வெளியே வழிந்தது. மீதி உள்ளே போயிற்று. அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம். விடிந்து பார்த்தபோது வாயோரத்தில் நுரையுடன் அது இறந்து கிடந்தது. சிறுவன் அதைத் தென்னையடியில் புதைத்தான். நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாம் அறியாதிருந்தவை

சில ஆண்டுகள் கழித்துச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் பாம்புத் தோல் வாணிகம் முடிவுக்கு வந்து, இருளர் மக்கள் பிழைப்பின்றித் தவித்தபோது, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் உருவானது அச்சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உரிமம் பெற்றுப் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்துப் பின் காட்டிலே விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருத்துவமனைகளில் போடப்படும் மாற்று மருந்துக்கு அந்நஞ்சே மூலப்பொருள். இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது நினைவிருக்கலாம்.

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் நமது பழைய கதையைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குட்டி மொதச் சட்டைய உரிச்சிருந்துச்சா ஐயா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப அதுக்குப் பசியே இருந்திருக்காதே" என்றார்.

அதன் பொருளைப் பின்னர் படித்து விளங்கிக்கொண்டோம். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி, எஞ்சிய மஞ்சள் கருவைத் தன் வயிற்றினுள் உறிஞ்சிக்கொண்டே வெளிவருகின்றது. முதல் தோல் உரியும் வரை, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள், அக்கருவே அதற்கு உணவு. கோழிக்குஞ்சு முதல் இரண்டு மூன்று நாட்கள் இரையின்றி இருப்பதும் இதனாலேயே. நம் கலயத்துக் குட்டி பட்டினி கிடக்கவில்லை, கட்டுச்சோற்றுடன் வந்திருந்தது. பட்டினியாய் இருந்தது நமது அச்சமே.

இன்னொன்றும் அறிந்தோம். பாம்புக்கு மூச்சுக்குழலின் வாய் கீழ்த்தாடையின் முன்பகுதியில், நாக்குக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருக்கின்றது. பெரிய இரையை மெல்ல மெல்ல விழுங்கும் வேளையிலும் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. அவ்வாயில் ஊற்றப்படும் நீர்மம் எளிதாக நுரையீரலுக்குள் செல்லும். பாலோ பாம்பின் உணவே அன்று. நாம் ஊட்டவில்லை, மூழ்கடித்திருக்கின்றோம்.

இரக்கமும் அறிவும்

குற்றவுணர்வு நம்மைத் தூய தோமா அக்குவினாரிடம் மீண்டும் அழைத்துச் சென்றது. இரக்கத்தைப் பற்றி அவர் ஆராயுமிடத்தில், பிறருடைய துன்பத்தைக் கண்டு நம் உள்ளம் வருந்துவதையும், இயன்றால் உதவ அவ்வருத்தம் நம்மைத் தூண்டுவதையும் கூறுகின்றார். அத்துடன் நிறுத்தாமல், அவ்வுணர்வு பகுத்தறிவால் நெறிப்படுத்தப்படும்போதே அது நற்பண்பு என்னும் நிலையை அடைகின்றது என்றும் தெளிவுபடுத்துகின்றார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். உணர்வுக்கும் பண்புக்கும் இடையே உள்ள தொலைவு, ஒரு மைக்குழாயின் நீளமே என்பதை அன்று அறிந்தோமில்லை.

நம் வீடுகளில் இது நடவாததா? குழந்தை பிறந்தவுடன் சேனை வைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ பெரியவர் ஒருவர் கையால் நாவில் வைக்கப்படும். பாசத்தில் பிறந்த வழக்கந்தான். எனினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலாடையால் ஊற்றிய பால் மூச்சுக்குழலில் புகுவதன் ஆபத்தை மருத்துவர்கள் எடுத்துரைக்கின்றனர். ஊற்றிய கை பகைவன் கையன்று, பாட்டியின் கை.

உண்ண மறுப்பவரைக் காணும்போது நமக்குள் ஒரு வேதனை எழுகின்றது. அவர் வாயில் ஒரு கவளம் போய்விட்டால் அவ்வேதனை தணிந்துவிடுகின்றது. ஆகவே, ஊட்டும்போது நாம் ஆற்றுவது அவர் பசியையா, நம் வேதனையையா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வது நலம். அன்றிரவு நாம் நிம்மதியாக உறங்கினோம் என்பதே அதற்கு விடை. 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும், முன்னுண்டது செரித்துவிட்டதா என்பதையன்றோ உணவுக்கு முந்திய வினாவாக வைத்தார்!

மணம் அறிந்து வைத்தல்

முதற்சட்டை உரித்த பின்னரும் உண்ண மறுக்கும் குட்டிகள் உண்டு. பாம்புகளைப் பேணும் காப்பகங்களில் இது பழகிப்போன சிக்கல். அனுபவமுள்ள பணியாளர் முதலில் வாயைத் திறப்பதில்லை, காரணத்தைத் தேடுகின்றார். இடம் குளிர்ந்திருந்தால் குட்டிக்கு இரை செரிக்காது, ஆகவே உண்ணாது. ஒளிந்துகொள்ள மறைவில்லையெனில் அச்சத்தால் உண்ணாது. ஓயாமல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உண்ணாது. அடுத்த சட்டை உரியுமுன் கண்கள் மங்கியிருக்கும் நாட்களிலும் பெரும்பாலும் உண்ணாது. ஆகவே வெதுவெதுப்பும் இருட்டும் தண்ணீரும் தனிமையும் கொடுத்துவிட்டு, அவர் விலகி நிற்கின்றார். நம் கலயத்தை மணிக்கொருமுறை திறந்து பார்த்ததை இங்கு நினைத்துக்கொள்கின்றோம்.

இவ்வளவும் செய்த பின்னும் அது மறுத்தால், வைத்த இரை அதற்குரியதுதானா என்று பார்க்க வேண்டும். பாம்பு தன் பிளவுபட்ட நாவால் காற்றிலுள்ள மணத்துகள்களைத் திரட்டி, மேல்வாயிலுள்ள ஒரு தனி உறுப்பினால் அறிந்துகொள்கின்றது. அமெரிக்க ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் 1960-களில் செய்த சோதனைகள் இதில் புகழ்பெற்றவை. ஒருமுறைகூட இரை உண்டிராத, புதிதாய்ப் பிறந்த குட்டிகளின் முன்னே பல்வேறு உயிர்களின் சாறு தோய்ந்த பஞ்சுக் குச்சிகளை அவர் நீட்டினார். தங்கள் இனம் இயற்கையில் உண்ணும் உயிரின் மணத்துக்கு அவை விரைந்து நா நீட்டின. குச்சியையே கடிக்கவும் பாய்ந்தன. தொடர்பில்லாத மணங்களை அவை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எது தன் உணவு என்ற அறிவு அக்குட்டிகளுடனேயே பிறந்திருந்தது.

இதனால்தான், பல்லியும் தவளையும் தின்னப் பிறந்த குட்டி எலிக்குஞ்சை ஏற்க மறுக்கும்போது, பணியாளர் அதே எலிக்குஞ்சின் மேல் பல்லியின் அல்லது தவளையின் மணத்தைத் தேய்த்து வைக்கின்றார். வைப்பது அதே இரைதான். ஆனால் அதன்மேல் குட்டிக்குத் தெரிந்த மணம் ஒன்று இருக்கின்றது. பல குட்டிகள் இவ்வாறு உண்ணத் தொடங்குகின்றன. பின்னர் அம்மணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடலாம்.

இதைப் படித்தபோது விடுதிச் சமையற்கார அம்மாவின் நினைவு வந்தது. குட்டி இறந்த அந்த வாரத்திலேயே ஒரு மாலை, நாம் வழக்கம்போல் பிரம்புடன் சென்றபோது அச்சிறுவன் பந்தியில் இல்லை. "செத்த விடுங்க சாமி, அடுப்படிக்கிட்ட உக்காந்திருக்கான்" என்றார் அந்த அம்மா. எட்டிப் பார்த்தோம். படியில் தனியே அமர்ந்து அதே விடுதிச் சோற்றை அள்ளி அள்ளி உண்டுகொண்டிருந்தான். தன் வீட்டுக்கென வைத்த கருவாட்டுக் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து அவர் அச்சோற்றின்மேல் ஊற்றியிருந்தார். "கடக்கரைப் புள்ள சாமி. சாம்பார் வாடைய மோந்தா எறங்குமா?" என்றார். எந்த ஆய்வாளரின் பெயரையும் அவர் கேட்டதில்லை. அவனைப் பார்த்தார், அவன் எங்கிருந்து வந்தவன் என்று எண்ணினார், பிரம்பின் கண்ணிலிருந்து அவனை மறைத்து உட்கார வைத்தார். நாம் இரண்டு மாதங்களாக அவனுடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவனைப் பார்க்கவில்லை.

பொறுமை புறக்கணிப்பன்று

இவ்வாறு கூறுவதால், மறுப்பவரை அப்படியே விட்டுவிடுவதே அறம் என்று எவரும் கருதிவிடலாகாது. காப்பகப் பணியாளர் விலகி நிற்கும்போதும் கணக்கு வைத்துக்கொண்டுதான் நிற்கின்றார். குட்டியின் எடையைக் குறித்து வருகின்றார். எடை நிலையாக இருந்தால் காத்திருக்கின்றார். தொடர்ந்து குறைந்தால் வாய்ப்புண்ணோ குடற்புழுவோ உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுகின்றார். அதன் பின்னரே சிறிய இரையின் நுனியை வாயில் வைத்து, மீதியை அதுவே விழுங்குமாறு விட்டுவிடும் முறை. குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்துவது இறுதிப்படி; அதுவும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. நாமோ முதற்படியிலிருந்தே இறுதிப்படிக்குத் தாவினோம்.

மனிதரிடத்தும் இவ்வரிசை பொருந்தும். உண்ண மறுக்கும் பிள்ளையின் எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்குவது பொறுமையாகாது. மனைவியை இழந்து மூலையில் அமர்ந்துவிட்ட முதியவரை, 'பசித்தால் கேட்பார்' என்று நாட்கணக்கில் விட்டுவிடுவதும் அன்பாகாது. காத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வற்புறுத்துவதற்கு முன் செய்யத்தக்கவை அனைத்தையும் செய்தோமா என்பதே வற்புறுத்துபவர் தம் மனச்சான்றுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி.

இரையின் கேள்வி

வாசகர் சிலர் இங்கு ஒன்று கேட்கலாம்: குட்டியைக் காப்பாற்ற ஒரு தவளையைப் பலியிடுவது மட்டும் அறமாகுமா? நல்ல கேள்வி. ஆதிப் பெற்றோரின் பாவத்துக்குப் பின்னரே விலங்குகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின என்று எண்ணுவோரைத் தூய தோமா ஏற்பதில்லை. மனிதனுடைய பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை. சிங்கமும் வல்லூறும் தொடக்கமுதலே ஊனுண்ணும் இயல்பினவே என்பது அவர் கருத்து. பாம்பைச் சைவமாக்க முயல்வது இரக்கமன்று; அதனை அதுவாக இருக்கவிடாமல் தடுப்பதே. பால் ஊற்றிய நமது கையில் இத்தவறும் இருந்தது. நமக்கு அருவருப்பில்லாத உணவை நாம் அதற்குத் தேர்ந்தெடுத்தோம்.

இந்த இயல்பினால் வாழ்பவர் நாமுமே. மூங்கிலை வளைத்து நம் உழவர் வயலில் வைக்கும் எலிக்கிட்டியை 'தஞ்சாவூர்க் கிட்டி' என்றே வேளாண் துறையினர் அழைக்கின்றனர். அந்த அளவுக்கு எலி நமது நெல்லுக்குப் பகை. கிட்டி செய்யும் வேலையைக் கூலியின்றிச் செய்வது சாரை. தவளை தின்று வளரும் அதன் குட்டி, நாளை எலி பிடிக்கும் சாரையாகும். அடித்துக் கொன்றவர்களையும் நாம் குறைகூற வரவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வொன்று மதிப்பிடுகின்றது. வரப்பில் வெறுங்காலுடன் நடப்பவரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சமும் அறிவுடன் சேரும்போதுதான் காப்பாக மாறும்.

நமது டெல்டாவில் இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. தரங்கம்பாடியில் மறைப்பணி ஆற்றிய லூத்தரன் குரு கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் (1747–1813), இயற்கையை நுணுகி ஆராய்ந்தவர். மண்ணுளிப் பாம்புக்கு 1801-இல் பாட்ரிக் ரஸ்ஸல் அறிவியற்பெயர் சூட்டியபோது, அவருடைய பெயரையே இட்டார். ஒரு மறைப்பணியாளரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பாம்பு மண்ணுக்குள் ஊர்கின்றது! தொடக்க நூலின் பாம்பை மட்டுமே மறையுரைகளில் அறிந்திருந்த நமக்கு இது ஒரு படிப்பினை. தம் சீடர்க்கு முன்மதி கற்பிக்க ஆண்டவர் பாம்பையே எடுத்துக்காட்டினார் என்பதையும் மறந்துவிட்டோமன்றோ?

முதலில் கேட்டிருக்க வேண்டியது

இத்தனையும் எண்ணிப் பார்த்த பின், நாம் தொடங்கிய வினாவுக்கு முன்னே வேறொரு வினா இருந்ததைக் காண்கின்றோம். 'இதனை எவ்வாறு உண்ண வைப்பது?' என்று ஆறு நாட்கள் கேட்டோம். 'இது ஏன் நம் கலயத்தில் இருக்கின்றது?' என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அதனை ஓர் அநாதையென எண்ணியே இரங்கினோம். அது அநாதையன்று. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்து அடைகாக்கும். கருநாகம் கூடமைத்துக் காவல் நிற்கும். ஆனால் முட்டையை விட்டு வெளிவந்த குட்டியைத் தாய்ப்பாம்பு ஊட்டி வளர்ப்பதில்லை. முதல் நாளிலிருந்தே தனித்து வாழும் ஆற்றலுடன்தான் அது படைக்கப்பட்டிருக்கின்றது. நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பதைச் சட்டமும் தடை செய்கின்றது. அன்று மாலையே வாய்க்கால் கரைப் புதரில் அதனை விட்டிருந்தால், அல்லது இன்று செய்யத்தக்கவாறு வனத்துறையினருக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லியிருந்தால், ஊட்டும் சிக்கலே எழுந்திராது. சில வேளைகளில் நாம் தீர்க்க அரும்பாடுபடும் துன்பம், நாம் கையில் எடுத்துக்கொண்டதனாலேயே உண்டானது.

எல்லோரையும் விட்டுவிட இயலாது என்பதும் உண்மையே. கடற்கரைச் சிறுவனை அவன் பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்திருந்தனர். அவனை அனுப்பிவிடுவது தீர்வாகாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவரை அறிந்து ஊட்டவேண்டும். ஒப்படைக்கப்படாததை அதன் வழியே விடவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பேணுவோர் எவருக்கும் முதற்பாடம்.

அவன் இன்று குடும்பத்துடன் கடலோரத்திலேயே வாழ்கின்றான். சில ஆண்டுகளுக்கு முன்னர் தன் மகனின் முதல் நற்கருணை விருந்துக்கு நம்மை அழைத்திருந்தான். பந்தியில் அவன் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைக் கண்டு, பழைய வழக்கத்தால், "சாப்பிடுப்பா" என்று சொல்ல வாயெடுத்தோம். அவன் நம்மைப் பார்த்துச் சிரித்தான். "விடுங்க சாமி, ஆளுங்க நெறையா இருக்காங்கள்ல, கூச்சப்படுறான். அப்புறமா தின்னுக்குவான்" என்றான்.

நாம் பேசாமல் நமது இலையைப் பார்த்து உண்டோம்.